கப்பல் அண்ணாத்தேயின் ரிலீவர்

பட்டாபிராமில் கடல் இல்லை என்பதைக் இன்றுவரை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர், எங்கள் எதிர்வீட்டுக் கப்பல் அண்ணாத்தேதான்.

வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் அவர் போசன். அதாவது, மேல்தளத்தில் வேலை செய்பவர்களுக்கு மேஸ்திரி. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. அந்த மூன்று மாதமும் தெருவே கதிகலங்கும். துரு கண்ணில் பட்டால் போதும், யார் வீட்டு கேட் என்றெல்லாம் பார்க்க மாட்டார். சுரண்டிப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டுத்தான் காபி குடிப்பார். பதினாறு வீட்டுக்கும் ஒரே பச்சை கேட். கூரியர்காரர்கள் அழாத குறை.

சனிக்கிழமை விசில் ஊதினால் அத்தனை பேரும் டிரான்ஸ்பார்மர் அடியில் கூட வேண்டும். தீ விபத்து ஒத்திகையாம்.

"தீப்பிடிக்கிறதே இங்கதானே அண்ணாத்தே?" என்று கேட்டேன்.

"கேள்வி கேக்காத மாமே. கப்பல்ல கேள்வி கேட்டுகினு நிக்கிறவன்தான் மொதல்ல எரிவான்!"

அவர் கப்பல் சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர். வீடியோ காலில் வந்து, "இன்னா நைனா, துன்னியா?" என்பார். நம்மவர் பதிலுக்கு அவர் பாஷையில் வெளுத்துக் கட்டுவார்.

போன முறை விடுமுறை எட்டு மாதமாக இழுத்தது. கம்பெனி இந்திய ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தது. கவலையில் அண்ணாத்தே எல்லா கேட்டுக்கும் இரண்டாவது கோட்டிங் அடித்துவிட்டார். ஒருவழியாக அழைப்பு வந்தது. பகல் விமானம்; தவறவிட்டால், மணிலாவில் ஒருவர் பெட்டியோடு தயாராக இருக்கிறார்.

கார் வந்தது. பெட்டி ஏறியது. அண்ணாத்தே ஏறவில்லை.

"ரிலீவர் எங்க?"

கப்பலில் மாற்று ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் யாரும் இறங்கக் கூடாதாம். இத்தனை வருடமும் வீட்டுப் பொறுப்பை அவர் மாமனார் வந்து வாங்கிக்கொள்வார். இப்போது அவர் உயிரோடு இல்லை.

"யோவ், ஏறுய்யா! ஒன் எடத்துல மணிலாக்காரன் ஏறிடப் போறான்!" அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, கத்தினார்.

"ஊட்ட அப்டியே உட்டுட்டு எப்டிமே போறது? ரூல் கீதுல்ல?"

வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த நான், வாய் நிறைய நுரையோடு, "நான்தான் ரிலீவர்" என்று சொல்லித் தொலைத்தேன்.

தரதரவென்று இழுத்துப் போனார். மோட்டார், சிலிண்டர், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் தொட்டுக் காட்டினார்.

"சார், ஏர்போர்ட் இங்க வராது சார்!" டிரைவர் கெஞ்சினார்.

அவர் எழுதி வைத்திருந்த நான்கு பக்கக் குறிப்பில் நான் கையெழுத்துப் போட்ட பிறகே அண்ணாத்தே காரில் ஏறினார். விமானத்தையும் பிடித்துவிட்டார்.

குறிப்பின் கடைசி வரியை அப்புறம்தான் படித்தேன்: 'ஞாயித்துக்கெழம எங்கிட்டேர்ந்து போன் வரலேன்னா இவ சாப்ட மாட்டா. நீதான் சாப்ட வைக்கணும்.'

ஆறு மாதம் ஆயிற்று. குறிப்பில் உள்ளபடியே மோட்டார் மூன்றாவது முறைதான் கிளம்புகிறது. கடலில் சிக்னல் கிடைக்காத ஞாயிறுகளில் அக்காவுக்கு இட்லி வாங்கிப் போகிறேன். திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்.

எங்கள் கேட்டில் மறுபடி துரு எட்டிப் பார்க்கிறது. நான் தொடவில்லை. அதை அவருக்கென்று வைத்திருக்கிறேன்.