நன்றாகக் கலக்கவும்

தலைமைப் பொறியாளர் பேசி முடித்த பிறகும் பொறியாளர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மதியம் நேரிலேயே வருகிறாராம். அதற்குள் நன்றாகக் கலக்கச் சொல்லிவிட்டார்.

"எதை சார் கலக்கணும்?" என்றார் பம்ப் ஆபரேட்டர்.

"வேற எதை? எண்ணெயைத்தான்."

அந்தச் சூரிய மின் நிலையத்தில் வரிசை வரிசையாக நிற்கும் கண்ணாடிகள் வெயிலைக் குழாய்களின்மேல் குவிக்கும். குழாய்க்குள் ஓடும் எண்ணெய் சூட்டைக் கொதிகலனுக்குச் சுமந்து போகும். கண்ணுக்கே தெரியாத நானோ பொடியைச் சேர்த்தால் இன்னும் அதிகமாகச் சுமக்கும் என்று பொறியாளர் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, ஒரு வரிசையில் மட்டும் சேர்த்திருந்தார். சில வாரங்களாக அது சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. இன்று தலைமைப் பொறியாளர், அந்தப் பெரியவர், பார்த்துத் தலையாட்டினால் ஊருக்கு மாற்றல். மனைவியும் மகளும் அங்கே, இவர் இங்கே கண்ணாடிகளோடு. போன தடவை கதவைத் திறந்த மகள் இவரை 'யார் வேணும்' என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நன்றாக ஓடுவதை நோண்டக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் மேலிடத்திடம் ஏன் என்று கேட்கும் வழக்கம் அவரை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்டது.

"எவ்வளவு நேரம் சார் கலக்கணும்?"

"அவர் வர்ற வரைக்கும் கலக்குவோம்யா."

அந்த வரிசையின் எண்ணெய்த் தொட்டியில் கலக்கும் இயந்திரத்தை இறக்கினார்கள். அது காற்றையும் சேர்த்துக் கலக்கியதில் நுரை பொங்கி, பம்ப் சளி பிடித்தவர் மாதிரி இழுக்க ஆரம்பித்தது. ஸ்டோரிலிருந்து நுரை அடக்கும் மருந்தைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். நுரை அடங்கியது. ஆனால் பொடி கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. கட்டி பம்ப்புக்குள் போகாமலிருக்க வடிகட்டி மாட்டினார்கள். வடிகட்டி மட்டும் அன்று தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பொடி மொத்தமும் அதில் போய் அடைந்துகொண்டது. குழாயில் மிஞ்சியது வெறும் எண்ணெய், அதுவும் மருந்து கலந்த எண்ணெய்.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"ஸ்கூல்ல அப்பாவும் வரணுமாம். இந்தத் தடவை நீங்க வருவீங்கன்னு சொல்லிடட்டுமா?"

"கொஞ்சம் பொறும்மா," என்றார். அழுகை வந்தது. அழக்கூட உடம்பில் தெம்பில்லை.

பெரியவர் வந்தார். பின்னால் பையைச் சுமந்துகொண்டு அவருடைய டிரைவர். சூடு காட்டும் மீட்டரைப் பெரியவர் பார்த்தார், பக்கத்து வரிசை மீட்டரையும் பார்த்தார். பொடியே போடாத வரிசை ஒரு படி மேலே நின்றது.

"நேத்து வரைக்கும் பிரமாதமா இருந்துச்சே. சரி, மாற்றலை அடுத்த வருஷம் பார்ப்போம்."

பொறியாளர் தன் சர்வீஸிலேயே முதல் தடவையாக மேலிடத்தை எதிர்த்து வாயைத் திறந்தார்.

"நீங்கதானே சார் கலக்கச் சொன்னீங்க."

"நானா? ஓடுற எண்ணெயை யாராவது கலக்கச் சொல்வாங்களா?"

"காலையில போன்ல சொன்னீங்க சார்."

பெரியவருக்கு நிஜமாகவே நினைவில்லை. சாட்சிக்கு டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"சொன்னீங்க சார். கார்ல வரும்போது போன்ல, 'மதியம் வர்றேன், நல்லா கலக்கிடுங்க'ன்னீங்க. என் பொண்ணு பரீட்சைக்குப் போன அன்னைக்கு அவகிட்டயும் இதையேதான் சொன்னீங்க."