நிக்கோலின் இசையும் என் ரத்த அழுத்தமும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மௌரீன் அக்காவுக்கு,

ஜோகுபாளையத்திலிருந்து தம்பி ரெமிஜியஸ் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் என் வீட்டுக்காரி லவினாவும் சுகம். சந்தாபுராவில் நீங்களும் லாயிட் அத்தானும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், நீங்கள் ஸ்பீக்கரில் போட, அத்தான் பின்னாலிருந்து சிரிப்பார் என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் என் பெண், உங்கள் மருமகள் நிக்கோலைப் பற்றியது. நல்ல சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவள், போன வருஷம் அதை விட்டுவிட்டு வந்து, "டாடி, நான் கம்போஸர் ஆகப்போறேன்" என்றாள். கம்ப்யூட்டரிலேயே புதுப்புதுச் சத்தங்களை உண்டாக்குவாளாம். அதோடு சேர்ந்து நிஜமான ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்குமாம். பக்கத்து வீட்டு அன்னம்மாள் கேட்டபோது, வெட்கத்தில் மெதுவாகச் சொன்னேன். "ரொம்ப நல்லதுங்கண்ணா, தெருவுக்கே ஒதவி" என்றார். மறுநாள் காலை வாசலில் இரண்டு பக்கெட் காய்கறித் தோல்! பெண் கம்போஸ்ட் உரம் போடுகிறாள் என்று நினைத்துவிட்டார். விளக்கப் போனால், "அப்போ எங்க ஹசி கசத்த, இந்த ஈரக் குப்பைய, யார்கிட்ட குடுக்கறது?" என்று என்மேலேயே கோபம். லவினா தோலை வாங்கி ரோஜாத் தொட்டியில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குள்ளும் நிம்மதி இல்லை. குக்கர் விசில், கேட் கிறீச்சிடுவது, எல்லாவற்றையும் மைக்கில் பிடித்து இழுத்து நீட்டுகிறாள். ஒருநாள் அவள் அறையில் யானை பிளிறியது. பதறி ஓடினேன். "டாடி, அது உங்க தும்மல். கொஞ்சம் ஸ்லோ பண்ணேன், அவ்ளோதான்" என்கிறாள்.

இப்படி வருஷம் முழுக்கச் செய்த சத்தங்களுக்குப் போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் அரங்கேற்றம். மேடை நிறைய வயலினும் செல்லோவும், நடுவில் கோலோடு டேரில் என்ற ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர், ஓரத்தில் லேப்டாப்போடு நம் பெண். ஆரம்பம் அமர்க்களம். கம்ப்யூட்டர் சேர வேண்டிய இடம் வந்ததும், அது 'அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்' என்று போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. வயலின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பின்னாலிருந்து யாரோ, "கரெண்ட் ஹோய்த்தா, போயிடுச்சா?" என்றார்கள். லவினா ஜெபமாலையை எடுத்தாள், நான் பி.பி. மாத்திரையைத் தேடினேன். நிக்கோல் என்ன செய்தாள் தெரியுமா? மேடை முன்னால் வந்து நின்றாள். செல்லோக்காரரிடம், "அண்ணா, இத வாசிங்க" என்று பாடிக் காட்டினாள். அவர் வாசித்தார். வயலின்களுக்கு வேறொன்று பாடினாள். அப்புறம் எங்களைப் பார்த்து, "நீங்க எல்லாரும் ம்ம்-னு இந்தச் சுருதியைப் பிடிங்க, விடாதீங்க" என்றாள். மண்டபமே முனகியது அக்கா! என் சுருதியைக் கேட்டு முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார், நான் விடவில்லை. அந்த முனகலுக்கு மேலே வயலின்கள் எழும்பியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதுதான் திட்டம் என்று நினைத்திருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் பெண் அழுகிறாள். "ஒரு வருஷம் பண்ண சவுண்டு ஒண்ணுகூட வரலையே டாடி!" "அழாதம்மா, முன்வரிசைக்காரரே கடைசியில பாடுனாரு" என்றேன். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அதற்குள் ஒரு நடனக் குழுக்காரம்மா வந்து, தங்கள் அடுத்த நிகழ்ச்சிக்கு இசை வேண்டும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் சரி. ஆனால் நடுவில் காலை வாருகிற ஒரு மெஷினை நம்பி ஒரு வாழ்க்கையா? நீங்கள் சொன்னால் கேட்பாள். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து, பழைய வேலைக்கே திரும்பும்படி கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அத்தானின் முட்டிவலி தணியட்டும், உங்கள் வீட்டில் சமாதானம் குறையாதிருக்கட்டும்.

உங்கள் தம்பி,
ரெமிஜியஸ்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் நிக்கோலின் போன் அடித்தது. அவள் குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். பழைய ஆபீஸ்! "மேடம் திரும்ப ஜாயின் பண்ணுவாங்களா சார்? அவங்க போஸ்ட் இன்னும் காலியாதான் இருக்கு" என்றது ஒரு பெண் குரல். "ராங் நம்பர்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. லவினாவிடம் மூச்சு விடாதீர்கள். ஞாயிறு அவசியம் வாருங்கள், பிரியாணி உண்டு. புத்தி மட்டும் சொல்ல வேண்டாம்.