இடது வெண்ட்ரிக்கிளில் ஒரு தூக்கம்

விளையாடிக்கொண்டே இருக்கும் பிள்ளையைப் பார்த்தால் ஊரே கவலைப்படும். படித்துக்கொண்டே இருக்கும் பிள்ளையைப் பார்த்து யாரும் கவலைப்படுவதில்லை. "தங்கமான புள்ளை" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எட்டாம் வகுப்பில் நான் அப்படிப்பட்ட தங்கம். உருகிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியாது.

எருத்தேன்பதியில் தமிழ் மீடியத்தில் ஏழு முடித்து, மலையாளம் பேசும் சித்தூரில் ஹைஸ்கூல் சேர்ந்தேன். பெயருக்கு இங்கிலீஷ் மீடியம். பாடப்புத்தகம் இங்கிலீஷ், டீச்சர் விளக்குவது மலையாளம், நான் யோசிப்பது தமிழ். (மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் தினமும் தலைவலி வரும்.)

முதல் நாள் கிளாஸ் டீச்சர் ஒவ்வொருவரிடமும் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். எங்கள் வீட்டில் தென்னந்தோப்பும் ஆடுகளும் உண்டு. ஆட்டுக்கிடைக்கு எங்கள் பக்கம் பட்டி என்று பெயர். காலை நேரத்தில் அப்பா அங்கேதான் இருப்பார். எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த மலையாளத்தில், "அச்சன் பட்டியிலாணு" என்றேன்.

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். அது எனக்கும் தெரியும். தெருவில் போகும் நாயைப் பார்த்தால் தெரியும், வகுப்பில் எழுந்து நின்றால் தெரியாது.

வகுப்பு சிரித்த சிரிப்பைக்கூட மன்னித்திருப்பேன். டீச்சர் என் தலையைத் தடவி, "சாரமில்ல மோளே, பதுக்கெ படிச்சோளும்" என்றார். பரவாயில்லை, மெதுவாகப் படித்துக்கொள்வாய் என்று அர்த்தம். அந்த 'மெதுவாக' என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன், இந்தப் பள்ளியில் எல்லாவற்றிலும் நான்தான் முதல்.

'எல்லாவற்றிலும்' என்பதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். வினாடி வினா, தமிழ்ப் பேச்சு, கட்டுரை, ஸ்காலர்ஷிப் பரீட்சை, சாஸ்த்ரமேள எனப்படும் அறிவியல் கண்காட்சி, எல்லாவற்றுக்கும் பேர் கொடுத்தேன். நீளம் தாண்டுதலுக்கும் கொடுத்தேன். (மணல் குழி வரைக்கும்கூடப் போய்ச் சேரவில்லை.) சாப்பிடும்போது புத்தகம், தலை பின்னும்போது புத்தகம், பஸ்ஸிலும் புத்தகம். ஒருநாள் கண்டக்டர் "எவிடேக்கா?" என்று கேட்டார். எங்கே போக வேண்டும் என்ற சாதாரணக் கேள்விதான்.

"மைட்டோகாண்ட்ரியா" என்றேன்.

அவர் நிதானமாக, "அவிடெ ஸ்டாப்பில்லல்லோ மோளே" என்றார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். சொல்லாத பகுதியும் உண்டு. அரை மார்க் குறைந்தாலும், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நம்பினேன். வீட்டில் யாரும் என்னை முதல் மார்க் வாங்கச் சொன்னதே இல்லை. "போதுமுங் கண்ணு, வந்து சோறுண்ணு" என்பதுதான் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே கல்விக் கொள்கை. என்னை விரட்டியது நான்தான். அதனால் யாரிடமும் போய்ப் புகார் சொல்ல முடியவில்லை.

சாஸ்த்ரமேளவுக்கு மனித இதயத்தின் மாதிரி செய்வதென்று அறிவித்தேன். மேஜைமேல் வைக்கிற இதயம் அல்ல, ஆள் உள்ளே நுழையக்கூடிய இதயம். மூங்கில் சட்டம், கோழிக்கூண்டுக் கம்பி வலை, அதற்குமேல் அம்மாவின் பழைய சிவப்புச் சேலைகள். பிளாஸ்டிக் குழாய்கள் வழியாக ரத்தம் ஓடும். ரத்தத்துக்கு அம்மா பீட்ரூட் வேகவைத்துக் கொடுத்தார். ஜோடியாகச் செய்ய வேண்டும் என்பது விதி. என் ஜோடி ஸ்ரீஜா, சித்தூர்க்காரி, அதிகம் பேசாதவள். அவளிடம் தண்ணீர் கேனில் மாட்டும் கைப்பம்ப்பைக் கொடுத்து, "நீ பம்ப் அடி. விளக்கம் நான் சொல்றேன்" என்றேன். மூன்று மொழியிலும் விளக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவளுக்கு ஒரு மொழியில்கூட ஒரு வரி ஒதுக்கவில்லை.

மேளா எங்கள் பள்ளியிலேயே நடந்தது. அன்றைக்கே வினாடி வினாவும் இருந்தது. முதலில் இதயம், பிறகு ஓடிப்போய் வினாடி வினா என்பது என் திட்டம். நடுவர்கள் வரத் தாமதமானது. ஸ்ரீஜா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், கடைசியாக ஒருமுறை குறிப்புகளைப் பார்த்துவிடலாம் என்று இதயத்துக்குள் ஊர்ந்து போய், இடது வெண்ட்ரிக்கிள் என்ற கீழறையில் உட்கார்ந்தேன். அங்கே யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் அல்லவா.

உள்ளே சேலை வழியாகச் சிவப்பு வெளிச்சம். இதமான சூடு. துணியில் அம்மாவின் பெட்டி வாசனை. வெளியே ஒரு ஸ்பீக்கரில் நாங்கள் பதிவு செய்து வைத்த லப்-டப் ஓசை. பல மாதங்களாக நல்ல தூக்கமே இல்லாதவளை இப்படி ஓரிடத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்?

அதன்பின் வெளியே நடந்ததெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்துகொண்டது. வினாடி வினா தொடங்கியதும் மைக்கில் என் பெயரை அறிவித்தார்கள். "எட்டு பி-யிலெ சுகன்யா, உடன் ஹாளில் எத்துக." வரவில்லை. உடனே ஹாலுக்கு வரச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்த ஸ்ரீஜா, நான் வினாடி வினாவுக்குப் போய்விட்டேன் என்று நினைத்தாள். அந்த நேரம் பார்த்து, எனக்கு மதியச் சோற்றுடன் அப்பா பள்ளிக்குள் நுழைந்தார். நுழைந்ததும் காதில் விழுந்தது மைக்கில் மகளின் பெயர். ஹாலில் இல்லை, வகுப்பில் இல்லை, கேன்டீனில் இல்லை.

இதற்கிடையில் நடுவர்கள் இதயத்தின் முன் வந்து நின்றார்கள். ஸ்ரீஜாவுக்கு வேறு வழியில்லை. வாயைத் திறந்தாள். அசுத்த ரத்தம் எங்கே வருகிறது, நுரையீரலுக்கு எப்படிப் போகிறது என்று தெளிவாக, நிதானமாக விளக்கினாளாம். விளக்கிய உற்சாகத்தில் பம்ப்பைக் கொஞ்சம் வேகமாக அடித்தாள். உள்ளே ஒரு குழாய் கழன்று, பீட்ரூட் தண்ணீர் முழுக்க என் முகத்தில் கொட்டியது.

கனவில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நான் அலறியடித்து எழுந்தேன். தலை மூங்கில் சட்டத்தில் இடித்தது. வழி தெரியாமல் துழாவி, அயோர்ட்டா என்ற பெருந்தமனியைக் கிழித்துக்கொண்டு, தலை முதல் கால் வரை சிவப்பாக நடுவர்களின் காலடியில் வந்து விழுந்தேன்.

ஒரு நடுவர் துள்ளி நாற்காலிமேல் ஏறிவிட்டார். மற்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஸ்ரீஜா மட்டும் என்னைக் கையால் சுட்டிக்காட்டி, கண்கூட இமைக்காமல் சொன்னாள்:

"சார், இதாணு சுவன்ன ரக்தாணு."

ரத்தச் சிவப்பணு!

அப்போதுதான் வாசலில் "என்ற சாமீ!" என்று ஒரு குரல். ரத்த வெள்ளத்தில் மகளைப் பார்த்த அப்பா, சோற்றுப் பாத்திரத்தோடு அப்படியே சரிந்தார்.

எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மயங்கியவர் அப்பா. ஆனால் எல்லோரும் என்னைத்தான் பிடித்துப் படுக்க வைத்தார்கள். "எனக்கு ஒண்ணுமில்லீங்க, இது பீட்ரூட்டுங்க!" என்று நான் கத்தக் கத்த, "தலையில அடிபட்டா இப்படித்தான் உளறும்" என்று யாரோ சொன்னார்கள். காயத்தைத் தேடி என் தலையைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் திடீரென்று நின்று, பஞ்சை முகர்ந்து பார்த்தார்.

"இதினு தோரன்றெ மணமாணல்லோ!"

பீட்ரூட் பொரியல் வாசனை என் உயிரைக் காப்பாற்றியது.

அடுத்த கட்டிலில் அப்பா கண் விழித்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மைக்குல உம்பேரக் கூப்புட்டுட்டே இருந்தாங்க கண்ணு. எங்க தேடியும் காணோம். நான் போயி பள்ளிக்கூடத்துக் கெணத்த எட்டிப் பாத்தேன்."

"கெணத்தையா? எதுக்குங்கப்பா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தார்.

"குழாயைத் தொறந்து உட்டாலும், நீ அழுவறது கேக்கும் கண்ணு."

எனக்கு முதலில் புரியவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. மண்ணெண்ணெய் விலையையும் மழையையும் தவிர எதற்கும் பயப்படாத மனிதர், கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்திருக்கிறார். அந்த ஒரு நிமிடத்தை அவருக்குக் கொடுத்தவை என் அரை மார்க்குகள்.

எனக்கு அழுகை வந்தது. குழாய் இல்லாத இடத்தில் முதல்முறையாக அழுதேன். அழுகையோடு, முதல் நாள் பட்டி கதையையும் சொல்லிவிட்டேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு நான் பட்டியிலதான கண்ணு இருந்தேன்! நீ சரியாத்தான சொல்லியிருக்கே!"

கட்டில் ஆடும் அளவுக்குச் சிரித்தார். நர்ஸ் ஓடிவந்து மறுபடியும் பிரஷர் பார்த்தார்.

சாயங்காலம் ஸ்ரீஜா வந்தாள். எங்கள் இதயத்துக்கு இரண்டாம் பரிசு. உயிருள்ள சிவப்பணுவை வைத்து விளக்கியது புதுமை என்று நடுவர்கள் பாராட்டினார்களாம். (நாற்காலிமேல் ஏறியவர் மட்டும் கையெழுத்துப் போடத் தயங்கினாராம்.)

"நீ உறங்கியது நன்னாயி" என்றாள் ஸ்ரீஜா. "இல்லெங்கில் என்னெ ஒரு வாக்கு பறயான் சம்மதிக்குமோ?" தூங்கியது நல்லதாய்ப் போயிற்று, விழித்திருந்தால் என்னை ஒரு வார்த்தை பேச விட்டிருப்பாயா என்று கேட்கிறாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டே கேட்டதால் தலை குனிந்தேன். நான் கண்ணை மூடினால் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்றுதான் அத்தனை நாளும் கண் விழித்தேன். நான் தூங்கிய நேரத்தில்தான் எங்களுக்குப் பரிசே கிடைத்தது.

அடுத்த வாரம் தமிழ்ப் பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் பெயரை எடுத்தேன். உடனே ஞானம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ரேங்க் குறைந்தபோது வயிறு எரிந்தது, எரிந்துகொண்டே தூங்கினேன். பத்தாம் வகுப்பில் வகுப்பு முதல் ஸ்ரீஜா. நான் எங்கோ நடுவில், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன்.

என் கல்யாண வரவேற்பில் அவள் மேடையேறி, என்னைக் கட்டிக்கொண்டு, "எடீ ரக்தாணூ!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற என் மாமியார், பொள்ளாச்சிக்காரர், அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங் சம்பந்தி, அந்தப் புள்ளை என்னமோ ரத்னான்னு கூப்புடுதே, பொண்ணு பேரு சுகன்யா தானுங்களே?"

அப்பா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னார்:

"ஊட்டுல கூப்புடற பேருங்க."

இன்றுவரை மாமியார் வீட்டில் நான் ரத்னாதான். போன மாதம் வந்த புது ரேஷன் கார்டிலும் அப்படியே அச்சாகியிருக்கிறது.