ஊஜான் அண்ணே சொன்ன நேரம்

எங்கள் ஊர் சிலிபினில் வீட்டுச் சாவுகளுக்கெல்லாம் நேரம் குறித்தது பூசாரி அல்ல, ஊஜான் அண்ணேதான்.

ஊஜான் என்றால் மலாயில் மழை. வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடி, மின்னல், மேகம் என்று எளிய தமிழில் ஆறு புத்தகங்கள் எழுதியவர். கல்யாண வீட்டில் மணமக்களுக்கு இடியைப் பற்றிய புத்தகத்தைத்தான் பரிசாக நீட்டுவார். "மானம் போகுதுலா!" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார். எங்களுக்கு அவர் அக்கா. ஆறு புத்தகத்தையும் தட்டச்சு செய்து கொடுத்தது அந்த அக்காதான்.

சாவு வீட்டுக்குச் சொந்தக்காரர்களுக்கு முன்னால் வந்துவிடுவார் அண்ணே. பிணத்தைப் பார்ப்பதற்கு முன் வானத்தைப் பார்ப்பார். என் அப்பா இறந்தபோது, நான் சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறுகிறேன், மனுஷன் தோளைத் தட்டுகிறார்.

"தம்பி, மூணேகாலுக்கு மழை புடிச்சிரும். ரெண்டரைக்கு எடுத்துரு."

"சித்தியவான்லேருந்து அத்தை வரணும்ணே! உங்களுக்கு மனசே இல்லையா?"

"அத்தைக்காக மேகம் நிக்காதுலா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தைக்காகவே காத்திருந்தேன். மூன்றேகாலுக்குக் கொட்டியது பாருங்கள்! மயானத்துச் சேற்றில் வண்டி சிக்கி, அப்பாவை முழங்கால் சேற்றில் நாங்கள் சுமந்தோம். அத்தை வழுக்கி விழுந்தது தனிக் கதை. பாவி மனுஷன், சரியாகச் சொன்னார் என்பதற்காகவே அவரோடு ஒரு வருஷம் நான் பேசவில்லை.

போன மாதம் அக்கா போய்விட்டார். சடங்கெல்லாம் முடிந்து, பெட்டியை மூடுவதுதான் பாக்கி. சவ வண்டிக்காரர் வந்து, "அண்ணே, எடுக்கலாமா?" என்று கேட்டார்.

அண்ணே அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்கு வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப வேணாம். மழை வருது. விட்டதும் போலாம்."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. அரைமணி நேரம் கழித்து மறுபடி கேட்டார்கள்.

"மழை வருதுன்னு சொல்றேன்ல!"

குரல் உடைந்துவிட்டது. ஆறு புத்தகத்திலும் ஒரு வரி பொய் எழுதாத மனுஷன்.

வண்டிக்காரர் பொறுமை இழந்து என்னிடம் திரும்பினார். "எங்க தம்பி மழை? மயானத்துல காத்திருக்காங்கலா."

நான் வெளியே போய், அந்த நீல வானத்தைக் கண் கூசப் பார்த்துவிட்டு வந்தேன்.

"நல்லா கறுத்திருக்குண்ணே, கொஞ்சம் இருந்து போலாம்" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு, ஊஜான் அண்ணே பக்கத்தில் உட்கார்ந்தேன்.