புஸ்வாணத்தில் போன பல கோடி வருடம்

ஒப்புக்கொள்கிறேன்: பட்டாசு ஊரில் பிறந்தும், பட்டாசுக் கம்பெனியில் எதையும் நம்பிக் காயப்போடக் கூடாது என்று தெரியாத ஒரே ஆள் நான்தான்.

நாரணாபுரத்தில் சித்தப்பாவின் சின்னக் கம்பெனியில் கிணறு தோண்டினார்கள். ஆழத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே நாலு விரல் அகலத்தில் பச்சைச் சாம்பல் நிறக் களிமண் தெரிந்தது. ஜியாலஜி எம்.எஸ்ஸி. கடைசி வருடத்தில் இருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. பாறை பிளந்து நகரும்போது அரைபட்டு உண்டாகும் மண் அது! கயிற்றைப் பிடித்து இறங்கி இரண்டு கிலோ சுரண்டினேன். மறுநாளே கிணற்றுக்குச் சுவர் கட்டிப் பூசிவிட்டார்கள். என் ஆய்வேடு முழுக்க இனி அந்த இரண்டு கிலோவில்தான்.

ஈரம் காயட்டும் என்று பட்டாசு காயப்போடும் தளத்தின் ஓரத்தில் பரப்பினேன். அங்கே வேலை செய்த மாரியம்மாள் அக்காவுக்கு வகுப்பே எடுத்தேன்.

"இதுக்குள்ள பொட்டாசியம் இருக்குக்கா. அது கொஞ்சங்கொஞ்சமா வாயுவா மாறி உள்ளயே அடைஞ்சு கெடக்கும். எம்புட்டு சேந்திருக்குன்னு அளந்தா, பாறை எப்ப நகந்துச்சுன்னு சொல்லிரலாம். பல கோடி வருசம்!"

"பொட்டாசியமா? அது நம்ம குடோன்ல மூட மூடயா கெடக்கே தாயி."

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தளம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"அந்த மண்ணா? நல்லா நைசா இருந்துச்சு. சலிச்சுப் புஸ்வாணத்துக்கு அடி அடைச்சாச்சு. தீவாளி ஆர்டருல்ல!" என்றார் அக்கா.

(புஸ்வாணத்தின் அடியைக் களிமண்ணால் அடைப்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் கேவலம்.)

அழுதேன். உடனே மூளை பளிச்சிட்டது: கொளுத்தினால் மருந்துதானே எரியும், அடைத்த மண் மிஞ்சுமே! சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு, பத்துப் புஸ்வாணத்தைக் கொடுத்தார்.

"கம்பெனிக்குள்ள மட்டும் தீப்பெட்டிய எடுத்துராத தாயி."

வறண்ட கண்மாய்க்குள் பட்டப்பகலில் கொளுத்தினேன். பூ நின்றதும் நிற்காததுமாகப் பாய்ந்து மண்ணை அள்ளினேன். இரண்டு விரல் கொப்பளித்துவிட்டது. ஆனாலும் "கெடச்சிருச்சு!" என்று குதித்தேன்.

திங்கட்கிழமை பேராசிரியர் என் கட்டுப்போட்ட விரலையும் கருகிய மண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சூடு பட்டா அந்த வாயு ஓடிப்போயிரும்மா. கணக்கு மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். இப்ப இதை அளந்தா, நாரணாபுரத்துல பாறை நகர்ந்தது போன சனிக்கிழமைன்னு வரும்."

வேறு தலைப்பில் ஆறு மாதம் கூடுதலாக முட்டி மோதிப் படிப்பை முடித்தேன். பேராசிரியர் சொன்னதை வீட்டில் உளறியது அடுத்த தவறு. என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா வயதைக் கேட்டார்.

சித்தப்பா முந்திக்கொண்டார். "இருபத்தஞ்சு. ஆனா பிள்ளைக்கு நடுவுல சூடு பட்டிருச்சு. அதுல இருந்து எண்ணுனீகன்னா ரெண்டுதான்."

கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த அந்த மாப்பிள்ளையையே கட்டிக்கொண்டேன். இன்றும் என் பிறந்தநாளுக்கு மெழுகுவத்தி வாங்கப் போகுமுன் வாசலில் நின்று கேட்கிறார்:

"எந்தக் கணக்குக்கு வாங்கட்டும்? பொறந்ததுக்கா, சுட்டதுக்கா?"