ஹல்வாரி என்னும் கொசு

ஸ்வீடனில், எங்கள் உப்சாலா அருங்காட்சியகத்தில் பூச்சி ஆராய்கிறவனுக்கு மூன்று மணிக் காப்பி மேசையைவிடப் பெரிய நீதிமன்றம் கிடையாது. அங்கே கூடுகிற ஒவ்வொருவர் பெயரிலும் உலகத்தில் ஏதாவது ஒரு ஜந்து ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து அறை சிக்ஸ்தென் பெயரில் ஒரு வண்டு, இரண்டு ஈ, ஒரு பேன். காளான் கொசுக்களோடு ஆயுளைக் கழித்த இந்த ஹல்வார் பெயரில் ஒரு முட்டைகூட இல்லை. கிறிஸ்துமஸோடு எனக்கு ஓய்வு. அதற்குள் என் பெயரில் ஓர் இனம் இருந்தே தீரவேண்டும் என்று சபதம் செய்தேன்.

கடவுள் கண் திறந்தார். எங்கள் கோடை வீட்டில், தோட்டத்துக் கழிப்பறை ஜன்னலில், இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு காளான் கொசு! ஆனால் கண்டுபிடித்தவன் தன் பெயரையே வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் தடுக்காது, காப்பி மேசை சிரித்தே கொன்றுவிடும். வேறு யாராவது வைக்கவேண்டும். சிக்ஸ்தெனிடம் போய்க் கெஞ்சுவதற்கு அந்தக் கொசுவை விழுங்கிவிடலாம்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. கட்டிய மனைவி எதற்கு இருக்கிறாள்?

"குன்வோர், கட்டுரையை நான் எழுதித் தர்றேன். நீ உன் பேர்ல அனுப்பு. கொசுவுக்குப் பேர் வெச்சது நீன்னு ஆயிடும்."

"என்ன பேரு?"

"ஹல்வாரி."

"யார் ஞாபகமா?"

"விளையாடாதே!"

"இத்தனை வருஷத்துல ஒரு ரோஜாவுக்கு என் பேர் வெச்சியா?"

"நான் கொசுக்காரன்மா. ரோஜா என் இலாகா இல்ல."

"சரி, இதுல எனக்கென்ன லாபம்?"

"பேர் வெச்சவங்க குடும்பப் பேரையும் பின்னாடி சேர்த்து எழுதறது எங்க வழக்கம். உலகம் இருக்கிறவரைக்கும் 'ஹல்வாரி ஹெட்லுண்ட்'. உங்கப்பா பேர் நிக்கும்!"

"நிக்கட்டும். நீ எப்ப எழுந்து நிக்கப்போற? அந்தக் கழிப்பறைக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்னு போன கோடையிலேயே சொன்ன. படகுத்துறைப் பலகை ஆடுது. எல்லாத்தையும் முடி, அனுப்புறேன்."

முடித்தேன். சிவப்புப் பெயிண்ட் காதுக்குள் போனது. பலகை அடிக்கையில் ஏரிக்குள் நான் போனேன். குன்வோர் நிழலில் உட்கார்ந்து என் நுண்ணோக்கியில் கொசுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் பேர்ல வரப்போகுது, நான் பார்க்க வேணாமா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை திருத்தியே ஓய்வு பெற்றவள். பார்க்கட்டும், பாவம் என்று விட்டேன். நானோ கொசுவின் வர்ணனையை மாப்பிள்ளை விளம்பரம் மாதிரி எழுதியிருந்தேன். நிமிர்ந்த மார்பு, உறுதியான தொடை, பொன்னிறக் கொம்பு. அவளே தபாலில் சேர்த்தாள்.

நவம்பரில் இதழ் வந்தது. ஹல்வாரி! அச்செழுத்தில் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மேலே படித்தேன்.

'ஆண்: நிறம் மங்கல். தலை சிறியது, முன்பக்கம் வழுக்கை. வயிறு தொங்கும். கால்கள் நீளம், பயன் தெரியவில்லை. தொட்டால் செத்ததுபோல் கிடக்கும். பெண்: எல்லா வகையிலும் மேம்பட்டது.'

"குன்வோர்! நான் எழுதினது எங்கே?"

"திருத்திட்டேன். பொன்னிறக் கொம்பு எதையும் காணோம்."

"படிக்கிறவன் என்னைச் சொல்றதா நினைப்பானே!"

"நான் கொசுவைப் பார்த்துத்தானே எழுதினேன்? உனக்கு ஏன் சுருக்குன்னு குத்துது?"

ஆமாம் என்றாலும் மாட்டிக்கொள்வேன், இல்லை என்றாலும் மாட்டிக்கொள்வேன். இதழை மூடிவைத்தேன்.

மறுநாள் மூன்று மணிக்குச் சிக்ஸ்தென் எழுந்து நின்று வர்ணனையை உரக்கப் படித்தான். வரிக்கு வரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். "வழுக்கை, சரி. வயிறு, சரி." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். அவன் விரலால் என் தோளைத் தொட்டான். அப்போதும் நான் அசையவில்லை.

"அடடா, அதுவும் சரி!"

மேசையே குலுங்கியது. மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சிக்ஸ்தென் மட்டும் வாசல்வரை வந்து முதுகில் தட்டி வழியனுப்பினான். என்ன இருந்தாலும் பழைய சிநேகிதன் என்று மனசு இளகிவிட்டது. வழியெல்லாம் சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். புகழ் இவ்வளவு வேகமாகவா பரவும் என்று நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டில் குன்வோர் என்னை அப்படியே திருப்பி நிறுத்தினாள். எங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு பூச்சி இன்ன இனம்தான் என்று உறுதி செய்தவர், அதன் ஊசியிலேயே சீட்டு எழுதிக் குத்திவைப்பார். அப்படி ஒரு சீட்டு என் முதுகில் இருந்தது. அவள் வாசித்தாள்: "'ஹல்வாரி ஹெட்லுண்ட். ஆண். சரிபார்த்தவர்: சிக்ஸ்தென்.'"

நான் அதைப் பிய்க்கக் கையை வளைத்தேன். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இருக்கட்டும் விடு. நீ எங்கேயாவது வழி தவறிப் போனாலும், ஹெட்லுண்ட் வீடு எதுன்னு விசாரிச்சுக் கொண்டுவந்து விட்டுடுவாங்க."