யானை வேண்டாம், டொல்பின் வேண்டாம்

றொமேஸ் எழுந்தான். கிணற்றடியில் குளித்தான். சம்பல் இடித்துப் பாணோடு சாப்பிட்டான். உப்புக் கூடிவிட்டது. தனியாளாகச் சமைப்பதில் ஒரு வசதி, அதை யாரும் சொல்வதில்லை. சாப்பிடும்போது கைத்தொலைபேசி ஒரு தடவை கிணுங்கியது. கை கழுவி, மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இன்னொரு தடவை கிணுங்கியது.

இரண்டும் அற்புதம் அன்ரி.

அற்புதம் அன்ரி முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு மீனவர் சங்கத்தின் தலைவி. எழுத்தில் செய்தி அனுப்பமாட்டா. குரலில்தான் அனுப்புவா. அதுவும் எப்போதும் இரண்டாக. முதலாவதில் ஏச்சு இருக்கும். இரண்டாவதில் விசயம் இருக்கும். அவவோடு பழகிய எல்லோருக்கும் இது தெரியும்.

றொமேஸ் முதலாவதை அமத்தினான்.

"தம்பி றொமேஸ், உங்கட கணக்குக் கம்பியூட்டர் விடியவே செத்துப்போச்சு. அனுமதியைச் சரிபார்க்கவும் எண்டு சிவப்பிலை எழுதிக் காட்டுது. ஆரிட்டை அனுமதி கேக்கிறது, பங்குச் சுவாமியிட்டையோ? நான் மடு மாதா கோயிலுக்கு பஸ் ஏறிட்டன். பின்னேரம் ஐஸ் லொறி வருது. அதுக்கிடையிலை கணக்கு ஓடவேணும். ஓடாட்டி, சொல்லிப்போட்டன், வாற மாசம் தொடக்கம் வவுனியாக் கொம்பனிக்குத்தான் வேலை."

இரண்டாவதை அமத்தினான். ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

அவனுடைய அலுவலகம் நகரில், வலைக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. இரண்டு மேசை, இரண்டு கதிரை, ஒரு பங்காளி. பங்காளியின் பெயர் ரூபன். வாடிக்கையாளரும் ஒன்றுதான், அந்தச் சங்கம். அது கைவிட்டுப் போனால் கதவைப் பூட்டிவிட்டு இருவரும் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அலுவலகத்தின் இணைய வசதி என்பது றொமேஸின் கைத்தொலைபேசி. அதை யன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மடிக்கணினிக்கும் சிக்னல் வரும்.

கட்டினான். வட்டம் யன்னலில் தொங்கியபடி சுற்றியது.

ரூபன் முதலாவது குரலைக் கேட்ட உடனேயே தீர்ப்புச் சொன்னான்.

"டேட்டாபேஸின்ரை லைசென்ஸ் முடிஞ்சுது மச்சான். படகு, மீன், நிறை எல்லாம் அதுக்குள்ளைதானே கிடக்கு. நான் அப்பவே சொன்னனான், ஓப்பன் சோர்ஸுக்கு மாறுவம் எண்டு. ஆரும் எடுக்கலாம், ஆரும் பாவிக்கலாம், ஒருத்தனிட்டையும் அனுமதி கேக்கத் தேவையில்லை."

"அன்ரியின்ரை ரெண்டாவது மெசேஜ் இன்னும் திறக்கேல்லை."

"ஏச்சின்ரை மிச்சமாயிருக்கும்."

"அவ ரெண்டாவதிலைதான் விசயம் சொல்லுவா."

"விசயம் எனக்குத் தெரியும். டேட்டாபேஸை மாத்து."

றொமேஸ் அன்ரிக்கு அழைப்பு எடுத்தான். ஒட்டுசுட்டான் காட்டுக்குள் பஸ் போய்க்கொண்டிருக்க வேண்டும். தொடர்பு கிடைக்கவில்லை.

இருந்த இடத்திலிருந்தே சங்கத்துக் கணினிக்குள் நுழைந்தார்கள். முதலில் தரவுகளைப் பிரதி எடுத்தார்கள். அன்று அவர்கள் செய்த ஒரே புத்தியான வேலை அது. பிறகு பழைய தரவுத்தளத்தை அடியோடு கழற்றி எறிந்தார்கள்.

சங்கத்தில் கணக்கு எழுதும் அனோஜா உடனே றொமேஸை அழைத்தாள்.

"அண்ணை, இப்ப கணக்குத் திறக்குதில்லை."

"தெரியும் தங்கச்சி. அதைத்தான் பார்க்கிறம்."

"இல்லை அண்ணை, இப்பதான்..."

"நீங்கள் ஒண்டையும் தொடாதேங்கோ. மவுஸ் தானாய் ஓடினாலும் பயப்பிடாதேங்கோ. நாங்கள்தான்."

"ஓம் அண்ணை. அன்ரி உங்களுக்கு..."

"ஓம் ஓம், அன்ரி சொன்னவ." வைத்துவிட்டான்.

பழையதைக் கழற்றிய பிறகுதான், புதிதாக எதைப் போடுவது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை என்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது.

"போஸ்கிரஸ் போடுவம்," என்றான் றொமேஸ். "உலகம் முழுக்கப் பாவிக்குது."

"அதின்ரை சின்னம் என்ன?"

"யானை."

ரூபன் கதிரையைப் பின்னால் தள்ளினான். அவனுடைய அப்பா சுடலைமுத்து பூவரசங்குளத்தில் வாழைத் தோட்டம் வைத்திருந்தார். வைத்திருந்தார் என்பதுதான் சரி. கோபம் வந்தால் ரூபனுக்கு அப்பாவின் மலையகப் பேச்சு வந்துவிடும்.

"ஒரே ராத்திரியில அம்புட்டு வாழையையும் புடுங்கித் தின்னுருச்சு! வேலியையும் மிதிச்சிட்டுப் போயிருச்சு! அதைக் கொண்டாந்து நான் கம்பியூட்டருக்குள்ள கட்டவா?"

"மச்சான், அது படம்."

"எனக்கு அது யானை. மைஎஸ்கியூஎல் போடு."

"டொல்பின் படம் போட்டதோ?"

"ஓம், வடிவான டொல்பின்."

"எங்கட அப்பாவிட்டை வந்து சொல்லு, வடிவெண்டு." றொமேஸின் அப்பா கிறகோரி இன்னும் கடலுக்குப் போகிறவர். "வலைக்குள்ளை வந்து மீனையும் திண்டு, வலையையும் கிழிச்சுப்போட்டுப் போகும். போன மாசம் முழுக்க மனிசன் வலை பொத்தினதுதான் மிச்சம். சங்கத்திலை இருக்கிற எல்லாரும் அதைத் திட்டுறவை. அவையின்ரை கணக்கை அதின்ரை வாய்க்கை வைக்கிறதோ?"

"அப்ப எஸ்கியூலைற். சின்னன். சின்னத்திலை ஒரு நீல இறகு மட்டும்தான்," என்று சொல்லி முடிக்கும் முன்னரே ரூபனின் முகம் மாறியது. "வேண்டாம். நான் சொன்னதை விடு."

"ஏன்?"

"மயில். அப்பா கச்சான் கடலை விதைச்ச அண்டைக்கே கிண்டித் திண்டது."

"அது மயிலிறகில்லை."

"நீலமாயிருக்கு. எனக்கு அது காணும்."

இருவரும் பல்கலைக்கழகத்தில் தரவுத்தளம் ஒரு பாடமாகப் படித்தவர்கள். ரூபன் அதில் சிறப்புச் சித்தி பெற்றவன்.

"மரியாடிபி," என்றான் றொமேஸ் கடைசியில். "கடல்நாய் படம். அது உங்கட தோட்டத்துக்கும் வராது, எங்கட வலைக்கும் வராது. இஞ்சை இல்லாத மிருகம்."

"பேரும் மரியா. அன்ரிக்குப் பிடிக்கும்."

முடிவாயிற்று. தரவிறக்கத் தொடங்கினார்கள். பாதியில் சிக்னல் போனது. திரும்பி வந்தபோது ஆரம்பத்திலிருந்து தொடங்கியது. மறுபடி பாதியில் போனது.

"விட்ட இடத்திலையிருந்து இழுக்கிற டவுன்லோடர் ஒண்டு இருக்கு," என்றான் ரூபன். "ஓசி. அதைப் போடுவம். இஞ்சையும் போடுவம், சங்கத்திலையும் போடுவம். எது முந்துதோ அது."

அந்தக் கருவியைத் தரவிறக்க, முதலில் அதற்கு ஒரு உதவிக் கருவியைத் தரவிறக்க வேண்டியிருந்தது. உதவிக் கருவி ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி கேட்டது. ரூபன் எல்லாவற்றுக்கும் 'சரி' கொடுத்தான்.

"வாசிச்சுப் பார்த்தோ குடுக்கிறாய்?"

"ஆர் மச்சான் உதெல்லாம் வாசிக்கிறது?"

அனோஜா அழைத்தாள்.

"அண்ணை, திரையிலை ஒரு கிளி வந்து ஆடுது."

"தொடாதேங்கோ."

"பரிசு விழுந்திருக்கு, தன்னை அமத்தட்டாம்."

"அமத்தாதேங்கோ!"

யன்னலில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. றொமேஸ் அதைப் பார்த்தான். மடிக்கணினிகளுக்குப் போகும் இணையத்தை ஒரு நிமிடம் நிறுத்தினால் அந்தக் குரல் இறங்கிவிடும். ஆனால் டவுன்லோடர் முக்கால்வாசி இழுத்துவிட்டது. இந்த நேரத்தில் நிறுத்த யாருக்கு மனம் வரும்?

அனோஜா மறுபடி.

"அண்ணை, கீழை மூலையிலை காலநிலை காட்டுது. இண்டைக்குப் பனி கொட்டுமாம். படகுகளைத் திரும்பி வரச் சொல்லட்டே?"

"எந்த ஊர் எண்டு கிடக்கு?"

"வாசிக்கத் தெரியாத எழுத்து அண்ணை."

"அப்ப எங்களுக்கில்லை."

டவுன்லோடர் தொண்ணூறைத் தாண்டியது. ரூபன் மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்து நின்றான். அப்போது சங்கத்துக் கணினியில், யாரும் கேட்காமல் கிளியோடு சேர்ந்து வந்திறங்கிய வைரஸ் தடுப்பான் ஒன்று கண்விழித்தது. சுற்றிவரப் பார்த்தது. தன்னைக் கூட்டிவந்த டவுன்லோடரையே வைரஸ் என்று அறிவித்தது. டவுன்லோடரையும், அது அதுவரை இழுத்த எல்லாவற்றையும் துடைத்து அழித்தது. கிளியை மட்டும் விட்டுவிட்டது.

"கூட்டிக்கொண்டு வந்தவனையே பிடிச்சிட்டான்," என்றான் ரூபன்.

அடுத்ததாக அது, தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைந்திருக்கும் இரண்டு கள்வர்களைக் கண்டுபிடித்தது. தொடர்பை அறுத்தது.

இவர்களுடைய மடிக்கணினியில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். அங்கே கிளிக்குப் பதில் குதிரை.

மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்குப் போனார்கள். ரூபன் பின்னால் இருந்தபடி தன் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். றொமேஸின் சட்டைப் பையில் கைத்தொலைபேசி அதற்கு இணையம் கொடுத்துக்கொண்டிருந்தது. குலுக்கலில் கடல்நாய் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பாலத்தடியில் நின்றுவிட்டது.

சங்கத்தின் தகரக் கொட்டகையில் மீன்பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஐஸ் லொறி வந்துவிட்டது. கணக்குத் துண்டு இல்லாமல் ஒரு பெட்டியும் ஏற்ற முடியாது என்று சாரதி சொல்லிவிட்டான். பத்துப் பன்னிரண்டு பேர் கணினியைச் சுற்றி நின்றார்கள். கிளி ஆடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் கிறகோரி.

"என்னடா," என்றார் மகனைக் கண்டதும், "கம்பசிலை படிச்சு முடிச்சுக் கிளி சாத்திரமோ?"

"அப்பா, கொஞ்சம் பொறுங்கோ."

"நான் பொறுப்பன். சூடைமீன் பொறுக்காது."

சாரதி ஹோர்ன் அடித்தான். றொமேஸுக்கு கொழும்பு பஸ்ஸின் ஹோர்ன் மாதிரிக் கேட்டது.

"மச்சான்," என்றான் ரூபன் மெல்ல. "ஒண்டு கிடக்கு. டவுன்லோட் பண்ணவே தேவையில்லை. என்ரை லப்டொப்பிலை ஏற்கெனவே இருக்கு. எல்லாற்றை லப்டொப்பிலையும் இருக்கும்."

"எது?"

ரூபன் தரையைப் பார்த்தான்.

"இறகு."

"காலமையே இருந்ததோ?"

"போன வருசமே இருந்தது."

றொமேஸுக்கு ஏச நேரமில்லை. காலையில் எடுத்த பிரதியை அந்த நீல இறகுக்குள் கொட்டினார்கள். ரூபன் கண்ணை ஒருக்கால் மூடித் திறந்து, பொத்தானை அமத்தினான். படகுகளின் பெயர்கள் வந்தன. நிறைகள் வந்தன. அச்சுப்பொறி இருமிவிட்டு முதலாவது துண்டைத் துப்பியது.

கொட்டகையில் கைதட்டல் எழுந்தது. பெட்டிகள் ஏறின. லொறி புறப்பட்டது. கிறகோரி இரண்டு பாரை மீனைப் பையில் போட்டு மகனிடம் நீட்டினார். மற்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "என்ரை பெடியன்," என்றார்.

ரூபனின் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "பார்த்தியோ மச்சான், நாங்கள் இல்லாட்டி இண்டைக்குச் சங்கம் என்ன பாடு பட்டிருக்கும்?"

அனோஜா இருவருக்கும் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கிளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

றொமேஸ் அன்று முதல் தடவையாகக் கைத்தொலைபேசியின் இணையப் பகிர்வை நிறுத்தினான். வட்டம் சுற்றுவதை நிறுத்தியது.

"பொறு, அன்ரியின்ரை ரெண்டாவது மெசேஜ் இறங்கிட்டுது." ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தான். பின்னணியில் பஸ் இரைந்தது. பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்ரியின் குரல் குளிர்ந்திருந்தது.

"தம்பி றொமேஸ், முதல் மெசேஜை மறந்துபோடுங்கோ. அனோஜா இப்பதான் போன் எடுத்தவள். விடிய நிலம் கூட்டேக்கை இன்ரர்நெற் வயரைத் தட்டி விழுத்திப்போட்டாளாம். திருப்பிக் கொழுவினவுடனை கணக்கு பழையபடி நல்லாய் ஓடுதாம். வவுனியாக்காரர் எண்டது நான் சும்மா வெருட்டினது, மாதாவாணை வேலை உங்களுக்குத்தான். ஆனா ஒரு சொல் தம்பி, நான் மடுவாலை திரும்பி வருமட்டும் நீங்கள் ரெண்டுபேரும் ஒண்டையும் தொடாதேங்கோ."